கலுங்கு இல்லாத கண்மாய்

“அண்ணே, ஒங்க சிக்னல் நாலு எடத்துல நிக்குது. ஒரு பந்தல் போடுற எடத்துல நாலு பந்தல் போட்டுட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரன் வண்டி வர வழியில்ல.”

மதுரையில் இருக்கும் ஹாம் நண்பர் ஒருவர் அனுப்பிய குரல்செய்தி இது. ஹாம் என்றால் என்னைப்போல அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர். கூடவே அவருடைய கணினித் திரையின் படம். நீலப் பின்னணியில் மேலிருந்து கீழே வழியும், வாட்டர்ஃபால் என்று நாங்கள் சொல்லும் அந்தப் படத்தில் என் சிக்னல் மஞ்சள் கோடாக நின்றது. அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் மங்கலாக, இரண்டாவது கோடு. அதைத் தாண்டி இன்னொன்று. அதையும் தாண்டி இன்னொன்று.

முந்தின நாள் சாயங்காலம்தான் என் கணினியின் இயங்குதளமான லினக்ஸை அப்டேட் செய்திருந்தேன். ரேடியோ செட்டைத் தொடவில்லை. ஏரியலைத் தொடவில்லை. ஒரு வயரைக்கூடப் பிடுங்கி மாட்டவில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த நிச்சயம் மூன்று சாயங்காலங்களைத் தின்றது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு கரிசல் கிராமம். மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் செம்புக் கம்பி. ஒரு முனை வேப்பமரத்தில், மறு முனை சீமைக்கருவேலத்தில். அந்த மரத்தைத் திட்டாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. என் ஏரியலுக்கு மட்டும் அது வாசல் தூண். உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கும் முகவரி முறையில் எங்கள் கட்டத்தின் பெயர் எம்.ஜே.99. அருப்புக்கோட்டை, திருச்சுழி, மதுரை எல்லாம் இதற்குள்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கிற விருதுநகரும் சிவகாசியும் 78ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே போய்விட்டதால் அடுத்த கட்டம், எம்.ஜே.89. மாவட்டத் தலைநகரே வேறு கட்டத்தில் இருப்பது தாசில்தார் ஆபீசுக்குத் தெரியாத எல்லைத் தகராறு.

கணினி, அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப். அவன் வேலைக்குப் போனதும் அது பரணுக்குப் போனது. பரணிலிருந்து இறக்கி லினக்ஸ் ஏற்றியதும் மறுபடி உயிர் வந்தது. ரேடியோ செட், நானே கோத்த பத்து வாட் பெட்டி. நம் நாட்டில் கிடைக்கிற சாதாரண பாகங்களை வைத்தே செட்டுக் கட்டலாம் என்று ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் தன் பிட்எக்ஸ் வடிவமைப்பால் உலகத்துக்கே காட்டினார். என்னுடையது அந்தக் குடும்பத்தில் சேராது. மூன்று பழைய சர்க்யூட்டுகளை ஒட்டுப்போட்டது. அதில் வந்த கோளாறெல்லாம் என் கணக்கில்தான் சேரும்.

ரேடியோவில் கணினிக்கு என்ன வேலை? பேச்சு ஒரு வகை என்றால், கணினியே பாடும் வகை ஒன்று இருக்கிறது. அதில் இன்று ஹாம்கள் அதிகம் புழங்குவது எஃப்.டி.8 என்ற முறை. 2017இல் வந்தது. எஃப் என்பது ஸ்டீவ் ஃபிராங்கி, டி என்பது ஜோ டெய்லர். ஜோடிப் பல்சரைக் கண்டுபிடித்து 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பங்குபோட்டுக்கொண்ட அதே ஜோசப் டெய்லர்தான். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலுக்குள்ளிருந்து தேடி எடுத்த கை, ஹாம்களின் மெல்லிய குரலையும் தேடி எடுக்கக் கருவி செய்து கொடுத்தது.

எஃப்.டி.8 என்பது எட்டே சுரங்களால் ஆன பாட்டு. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. எட்டும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு சுரமும் 0.16 வினாடி. மொத்தம் 79 சுரம், 12.64 வினாடிப் பாட்டு. காதால் கேட்டால் யாரோ விசிலடித்தபடி லேசாகத் தடுமாறுவது போலிருக்கும். அதற்குள் என் அழைப்புக்குறி, எதிராளியின் அழைப்புக்குறி, கட்டத்தின் பெயர் எல்லாம் 77 பிட்டுகளாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். சிக்னலைவிட இரைச்சல் நூறு மடங்கு பலமாக இருந்தாலும் எதிர்ப்பக்கக் கணினி அதைப் பிரித்துப் படித்துவிடும்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கணினி பாடுகிறது என்பது ரேடியோ செட்டுக்குத் தெரியாது. யாரோ மைக்கில் பாடுகிறார்கள் என்றுதான் அது நினைக்கிறது. லேப்டாப்பில் செருகிய சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்டிலிருந்து வரும் ஒலி மைக் ஒலியின் இடத்தில் போய் உட்கார்கிறது. வருகிற ஒலி சுத்தமாக இருந்தால் காற்றில் போவதும் சுத்தம். ஒலி உடைந்திருந்தால் உடைசலும் சேர்ந்தே போகும், அதுவும் பத்து வாட் பலத்தோடு.

ஒலி உடைவது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பங்குனிப் பொங்கலுக்குப் புளியமரத்தில் குழாய் கட்டி, மைக்செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகியதும் வரும் அந்தக் கரகரப்புதான். ஆம்ப்ளிஃபயருக்குள் அலை ஏறி இறங்க ஒரு உயரம் உண்டு. அதைத் தாண்டி ஏற்றினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் முதலில் இல்லாத புதுச் சுரங்கள் பிறக்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இவற்றுக்குச் சீரிசை என்று பெயர். 600 ஹெர்ட்ஸில் பாடினால் 1200, 1800, 2400 என்று மடங்கு மடங்காக நிற்கும். முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையில் மூன்றாம் மடங்கின் வீச்சு அடிப்படைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். திறனில் ஒன்பதில் ஒன்று. மைக்செட்டுக்காரருக்கு இது ஏன் கேட்பதில்லை என்றால், அவர் நிற்பது ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில். குழாய் கட்டியிருப்பது ஊர்க்கோடியில்.

என் நிலைமையும் அதுதான். அன்றைக்கு வாட்டர்ஃபாலில் இடது ஓரம் காலியாகக் கிடந்ததென்று 600 ஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருந்தேன். செட்டின் ஃபில்டர் 2700 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விடும். ஆகவே 1200, 1800, 2400 மூன்றும் கதவைத் தாண்டி 7.074 மெகாஹெர்ட்ஸ் தெருவுக்கு வந்துவிட்டன. 1600 ஹெர்ட்ஸில் பாடியிருந்தால் இரண்டாம் மடங்கே 3200க்குப் போய் ஃபில்டரில் அடிபட்டிருக்கும், கோளாறு வெளியே தெரிந்திருக்காது. டெய்லர் குழுவின் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருளில் இதற்காகவே ஒரு வசதி இருக்கிறது. ரேடியோவின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, ஒலியை எப்போதும் 1500க்கும் 2000க்கும் நடுவே வைத்துக்கொள்ளும். என் வீட்டுச் செட்டைக் கணினியால் நகர்த்த முடியாது. அதனால் அந்த வசதியை நான் அணைத்து வைத்திருந்தேன்.

முதலில் நண்பரை நம்பலாமா என்று பார்த்தேன். கோபம் வேண்டாம், ரேடியோவில் இது முறையான கேள்வி. அம்பது கிலோமீட்டர் என்பது கொல்லைப்புறம். வலுவான சிக்னல் உள்ளே வந்தால் கேட்பவரின் ரிசீவரே திணறி, தனக்குள்ளேயே பொய்க்கோடுகளைப் போட்டுக்கொள்ளும். “உங்க பக்கம் அட்டெனுவேட்டர் போட்டு இருபது டெசிபல் குறைச்சுப் பாருங்க” என்றேன். பொய்க்கோடுகள் அவர் பக்கம் பிறந்தவையாக இருந்தால், என் சிக்னல் 20 டெசிபல் இறங்கும்போது இரண்டாம் மடங்குக் கோடு 40 டெசிபல் இறங்கி மறைந்துவிடவேண்டும். நாலும் ஒரே அளவாக இறங்கின. “நாலும் ஒண்ணுபோலத்தான்ணே இறங்குது.” பழி என் பக்கம் உறுதியானது.

அடுத்த துப்பு அந்தப் படத்திலேயே இருந்தது. எனக்கு அது அன்றிரவு தோன்றவில்லை, மறுநாள் காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. முதல் கோட்டின் அகலம் 50 ஹெர்ட்ஸ். இரண்டாவது கோடு அதைப்போல் இரு மடங்கு அகலம். மூன்றாவது மும்மடங்கு. சீரிசையாக இருந்தால் அப்படித்தான் இருக்கவேண்டும். சுரத்தை இரட்டித்தால் சுரங்களுக்கு நடுவிலான இடைவெளியும் இரட்டிக்கும், 6.25 என்பது 12.5 ஆகும். மின்வாரியக் கரண்டின் ஹம் கலந்திருந்தால் கதையே வேறு. அப்போது மூலக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 50, 100 ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி, எல்லாம் ஒரே அகலத்தில் நின்றிருக்கும். பிள்ளைக்கோடு தாய்க்கோட்டைவிடத் தடித்திருக்கிறதா, சமமாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு மீட்டரும் வேண்டாம், ஒரு அடிக்கோல் போதும்.

ஆக, எங்கோ ஒலி வெட்டுப்படுகிறது. எங்கே?

இங்கே எங்கள் ஊர்க் கண்மாய்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குண்டாற்றுப் படுகை முழுக்கக் கண்மாய்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால் அந்த மறுகால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கொள்ளளவு, ஒவ்வொரு மடைக்கும் ஒரு திறப்பு. மேலே எவனோ ஒருவன் மடையை ஒரு சாண் கூடத் திறந்துவிட்டால் கரை உடைவது அங்கே அல்ல, மூன்று கண்மாய் தள்ளி. ஓடிப் போய் மண்மூட்டை அடுக்குகிறவன் உடைந்த கரையைப் பார்ப்பான். மேல்மடையை யார் பார்ப்பது?

ஒலியும் இப்படித்தான் கண்மாய் கண்மாயாக இறங்கி வருகிறது. எஃப்.டி.8 மென்பொருளில் ஒரு அளவுக் குமிழ். அதற்குக் கீழே லினக்ஸின் ஒலி நிர்வாகியில் அந்த மென்பொருளுக்கென்று ஒரு வால்யூம். அதற்குக் கீழே சவுண்ட் கார்டின் வால்யூம். கார்டுக்குள்ளேயே வன்பொருள் அளவு ஒன்று, அல்சாமிக்சர் என்ற நிரலைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். பிறகு கார்டையும் செட்டையும் பிரிக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அப்புறம் செட்டின் மைக் கெயின். ஆறு மடை. கண்மாயிலாவது மிச்சத் தண்ணீர் மரியாதையாகப் போகக் கலுங்கு கட்டியிருக்கிறார்கள். விலைக்கு வாங்கும் செட்டுகளில் ஏ.எல்.சி. என்று ஒரு தானியங்கி அடக்கி உண்டு, ஓரளவுக்குக் கலுங்கு வேலை பார்க்கும். ஆனால் அதற்கு முந்திய கட்டத்திலேயே ஒலி வெட்டுப்பட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. என் வீட்டுப் பெட்டியில் அதுவும் கிடையாது. மிஞ்சியது நேரே அடுத்தவன் புஞ்சைக்குள்.

முதல் சாயங்காலம் லினக்ஸின் அடித்தளமான கெர்னலைச் சந்தேகப்பட்டேன். யு.எஸ்.பி. சவுண்ட் கார்டை ஓட்டுவது கெர்னலின் பகுதி. அப்டேட்டில் அதுவும் மாறியிருந்தது. லினக்ஸில் ஒரு நல்ல வழக்கம், புதுக் கெர்னல் வந்தாலும் பழையதை உடனே தூக்கி எறியாது. கணினி விழிக்கும்போது பட்டியலில் பழையதைத் தேர்ந்தால் நேற்றைய கெர்னலோடு இன்றைய மென்பொருள்கள் ஓடும். பத்து நிமிட வேலை. செய்தேன். நாலு பந்தலும் அப்படியே நின்றன. கெர்னல் நிரபராதி.

அன்றே டம்மி லோடையும் மாட்டிப் பார்த்தேன். ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் தடையை வைப்பது. இருபது ஒரு கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர்களைப் பக்க இணைப்பில் பற்றவைத்தால் கிடைத்துவிடும். எதற்கென்றால், ஏரியலிலிருந்து கிளம்பும் அலையே சுற்றிவந்து யு.எஸ்.பி. வயரில் ஏறி ஒலியைக் கெடுப்பதுண்டு. கரிசலில் கோடையில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஈரமாக இருக்கும்வரை கரிசல் மாதிரி எர்த்துக்கு நல்ல மண் கிடையாது. சித்திரை வந்து நிலம் பாளம் பாளமாக வெடித்தால் எர்த் கம்பியைச் சுற்றி மண்ணே விலகி நிற்கும். குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் கம்பிக்கும் மண்ணுக்கும் சமாதானம் செய்துவைக்கவேண்டும். டம்மி லோடில் உடைசல் மறைந்தால் குற்றம் சுற்றிவரும் அலையுடையது. ஃபெரைட் வளையத்தில் வயரைச் சுற்றவேண்டியதுதான். டி.வி. டாங்கிளை ரிசீவராக்கிப் பக்கத்து அறையில் வைத்துப் பார்த்தேன். மறையவில்லை.

இரண்டாம் சாயங்காலம் பைப்வயர் பக்கம் திரும்பினேன். இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். லினக்ஸில் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது அல்சா. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அது நிலைபெற்றது. ஒரே நேரத்தில் பாட்டும் அரட்டை மணியும் கேட்கவேண்டும் என்ற காலம் வந்ததும் அல்சாவுக்கு மேல் ஒரு நிர்வாகி தேவைப்பட்டது. லெனார்ட் பொட்டெரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. ஃபெடோரா 2007இலும் உபுண்டு 2008இலும் அதை ஏற்றன. பதின்மூன்று பதினாலு வருட ஆட்சி. பிறகு விம் டெய்மன்ஸின் பைப்வயர் வந்தது. ஃபெடோரா 34இல், 2021 ஏப்ரலில், அது ஒலிக்கும் பொறுப்பேற்றது. உபுண்டு 2022 அக்டோபரிலும், ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் 2023 அக்டோபரிலும், லினக்ஸ் மின்ட் 2024 ஜூலையிலும் மாறின. பாட்டுக் கேட்கிறவருக்கு நாற்காலியில் ஆள் மாறியது தெரியவே தெரியாது. அதுதான் அந்த வேலையின் அழகு. பல்ஸ்ஆடியோவின் குரலிலேயே பைப்வயரும் பதில் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

என் அப்டேட்டும் அதே ஆள்மாற்றத்தைத்தான் செய்திருந்தது. நான் பைப்வயரைக் கழற்றிவிட்டுப் பல்ஸ்ஆடியோவைத் திரும்ப உட்காரவைத்தேன். ஒலிபரப்பினேன். மதுரையிலிருந்து பதில்: “அண்ணே, ஒரே பந்தல். கண்ணாடி மாதிரி.” குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான் என்று மகிழ்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். “பழசுக்குத் திரும்பினேன், சரியாயிற்று, ஆகவே புதுசுதான் கோளாறு.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழசுக்குத் திரும்பும்போது மாறியது ஒரு பொருளா, இரண்டு பொருளா? எனக்கு அந்தக் கேள்வி தானாக வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வேறொரு விஷயத்துக்காக நண்பருக்கு அனுப்பியிருந்த என் திரையின் படம் ஒன்று போனில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதில் சவுண்ட் கார்டின் வால்யூம் 20 சதவீதத்தில் நின்றது. அப்டேட்டுக்கு அப்புறம் பைப்வயரில் நான் பார்த்தது 40. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மடங்குதானே, கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

அவ்வளவு இல்லை. திரையில் நகரும் அந்தக் கோடு காதுக்காக வரையப்பட்டது, வயருக்காக அல்ல. நம் காது ஒலியின் பெருக்கத்தை நேர்க்கோட்டில் உணர்வதில்லை. அதற்கு இசைவாக, சதவீதத்தைக் கனமூலமாக வைத்திருக்கிறார்கள். பல்ஸ்ஆடியோவும் சரி, பைப்வயரும் சரி. 50 சதவீதம் என்றால் வீச்சு பாதி ஆகாது. அரையின் கனம், எட்டில் ஒன்று. 20 சதவீதம் என்றால் 0.008. 40 சதவீதம் என்றால் 0.064. திரையில் இரண்டு மடங்கு, வயரில் எட்டு மடங்கு, கணக்காகச் சொன்னால் 18 டெசிபல். மேல்மடை இரண்டு விரல் ஏறியதாகத் தெரிந்தது. வந்த தண்ணீர் எட்டுப் பங்கு.

40 எங்கிருந்து வந்தது? பல்ஸ்ஆடியோ ஒவ்வொரு கார்டுக்கும் நான் வைத்த வால்யூமைத் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தது. பைப்வயருக்குக் கணக்கெழுதும் வயர்பிளம்பருக்கு அது வேறொரு இடத்தில் தனி நோட்டு. கணக்குப்பிள்ளை மாறியபோது பழைய நோட்டு கைமாறவில்லை. முன்பின் பார்த்திராத கார்டு வந்தால் வயர்பிளம்பர் முதலில் வைக்கும் அளவு 0.4இன் கனம், அதாவது 40 சதவீதம். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவர் திடுக்கிடக்கூடாதே என்ற கரிசனம்தான் அதற்குக் காரணம். இதே அப்டேட் முன்பு 80இல் வைத்திருந்த இன்னொரு ஹாமுக்குச் சத்தத்தைக் குறைத்திருக்கும். அவர் “செட்டு பவர் வரல” என்று ஃபைனல் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்திருப்பார்.

மூன்றாம் சாயங்காலம் பைப்வயரையே திரும்ப உட்காரவைத்து, வால்யூமை 20க்கு இழுத்தேன். ஒரே பந்தல். கண்ணாடி.

கணினிக்குள்ளேயே ஒலியைப் பதிவுசெய்து ஆடாசிட்டி மென்பொருளில் விரித்தும் பார்த்தேன். 40இலும் அங்கே அலை உருண்டு திரண்டு அழகாகத்தான் இருந்தது. கணினிக்குள் எங்கும் வெட்டுப்படவில்லை. கரை உடைந்தது செட்டின் மைக் கட்டத்தில், என் ஒட்டுப்போட்ட சர்க்யூட்டில். பல வருடத்துக்கு முன் மைக் கெயினை முழுக்கத் திருகி வைத்துவிட்டு, சத்தம் அதிகமானதும் கணினிப் பக்கம் 20க்குக் குறைத்துச் சமாளித்தவன் நான்தான். அப்டேட் என் சமாளிப்பைக் கலைத்தது. அதற்குமேல் அதன்மீது வழக்குப் போட எனக்கு உரிமையில்லை.

இப்போது நான் செய்வது வேறு. ஒலிபரப்பிக்கொண்டே பவர் மீட்டரைப் பார்ப்பேன். வால்யூமை இருக்கிற இடத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 40 என்றால் 32க்கு வந்தால், கனக்கணக்குப்படி வீச்சு ஏறக்குறைய பாதி ஆகும். வீச்சு பாதியானால் திறன் கால்வாசி ஆகவேண்டும். அன்றைக்கு 40இலிருந்து 32க்கு இறக்கியபோது முள் பத்து வாட்டிலிருந்து ஒன்பதுக்குக்கூட ஒழுங்காக இறங்கவில்லை. கண்மாய் ததும்பி நிற்கிறது, வரத்தைப் பாதியாக்கினாலும் மட்டம் குறையவில்லை என்று அர்த்தம். திறன் கால்வாசிக்கு இறங்கத் தொடங்கும் இடம் வரை குறைத்துக்கொண்டே வரவேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழேதான் வண்டியை நிறுத்தவேண்டும். மைக் கெயினையும் பாதிக்குக் குறைத்து, கணினிப் பக்கம் கொஞ்சம் ஏற்றி, ஆறு மடையின் அளவையும் தாளில் எழுதி மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என்னை உறுத்தும் விஷயம், நாலு பந்தலோடு நான் ஒலிபரப்பிய அந்த ஒரு நாளிலும் தொடர்புகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. எஃப்.டி.8இன் பிழைதிருத்தம் அத்தனை தாராளம். முதல் கோடு சுத்தமாகவே இருந்ததால் எதிராளிக்கு என் செய்தி முழுசாகப் போய்விட்டது. அவருக்கு என்மேல் புகாரே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் 1200இலும் 1800இலும் மெல்லிய சிக்னலோடு முயன்றுகொண்டிருந்த, நான் பேர்கூட அறியாத ஆட்கள். அவர்கள் எனக்கு எப்படிச் சொல்வார்கள்? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் ஹாம் நிலையம் நடத்தப் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். போன்கள் செத்துக் கிடந்த நேரத்தில் அவர் செட்டு அந்தமானுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பாலமானது. அப்படியொரு குரல் அலைவரிசையில் கிடக்கும்போது அதற்குப் பக்கத்தில் நாலு பந்தல் போடுகிறவனாக இருக்க எனக்கு விருப்பமில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008இல் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்தார்கள். பாதை திறந்திருக்கும் இரவுகளில் அங்கே போய் என் கோட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்டேட்டுக்குப் பின் வரும் மற்ற நோய்களுக்கு அடையாளம் வேறு. வாட்டர்ஃபாலில் நெடுக்குக் கோடுகளுக்குப் பதில் குறுக்கே சட்சட்டென்று வெட்டுகள் விழுந்தால் அது வீச்சுக் கோளாறாக இருக்காது. கணினி நேரத்துக்கு ஒலியைக் கொடுக்க முடியாமல் தடுக்கி விழுகிறது. பைப்வயர் வழக்கமாக 1024 மாதிரிகளை ஒரு கூடையாகக் கட்டி அனுப்பும். வினாடிக்கு 48,000 மாதிரி என்றால் ஒரு கூடை 21 மில்லிவினாடி. பழைய லேப்டாப் மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று மந்தமாகிவிட்டால் கூடை தாமதமாகும், அலை நடுவில் அறும், அறுந்த இடத்தில் பட்டை முழுக்கச் சிதறும். பி.டபிள்யூ-டாப் என்ற சிறு நிரலில் பிழைக்கணக்கு ஏறிக்கொண்டே போகும். கூடையைப் பெரிதாக்கினால் தீரும். எஃப்.டி.8இல் சிறு தாமதம் யாரையும் கொல்லாது. ஒலிபரப்பின் தொடக்கம் மட்டும் விழுங்கப்பட்டால், சும்மா இருந்த கார்டை ஐந்து வினாடியில் தூங்கவைக்கும் வழக்கம்தான் காரணம். கார்டுகளின் வரிசை மாறி, ரேடியோவுக்குப் போகவேண்டிய கார்டு கணினியின் பொதுக் கார்டாகிவிட்டால் வேடிக்கை இன்னும் பெரிது. எனக்குத் தெரிந்த ஒருவரின் வாட்ஸ்ஆப் மணி நாற்பது மீட்டர் பட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு கோளாறு உண்டு, அதற்கு லினக்ஸில் மருந்து கிடையாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவைத் தேர்ந்தது அதனால்தான். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், சூரியன் விழுந்தபின், அயனி மண்டலத்தின் மேல் அடுக்கு உயரத் தூக்கப்படுகிறது. அதற்குக் கீழே இருந்த அயனிகள் சட்டென்று கரைந்துபோகின்றன. கனமானது மேலே, லேசானது கீழே என்றாகிவிட, எண்ணெய்மேல் ஊற்றிய தண்ணீர் மாதிரி அடுக்கு நிலைகுலைந்து, கீழிருந்து குமிழிகள் கிளம்பி மேலே ஏறுகின்றன. பெருவில் உள்ள ஹுவான்கயோவில் புக்கரும் வெல்ஸும் 1938இல் இதைக் கவனித்து எழுதினார்கள். அந்தக் குமிழிகளில் பட்டுத் திரும்பும் சிக்னல் நடுநடுங்கிப் பிசிர் தட்டும். பங்குனியிலும் புரட்டாசி ஐப்பசியிலும், சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் வருடங்களில், இது அதிகம்.

கோளாறெல்லாம் தீர்ந்து சில மாதம் ஆனபின் ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு மதுரையிலிருந்து குரல்செய்தி வந்தது.

“அண்ணே, மறுபடி அப்டேட் போட்டீங்களா? சிக்னல் ஒரு மாதிரியா இருக்கு.”

“நாலு எடத்துலயா?”

“இல்லண்ணே. ஒரே எடம்தான். ஆனா கோடு கோடா இல்ல, வெளக்குமாத்துக் குச்சியப் பிரிச்சுப் போட்டாப்ல இருக்கு.”

“மத்தவங்களுது?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது. “எல்லாருதும்தாண்ணே.”

செட்டை அணைத்துவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கினேன். கீழே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.